கருவறையும் கடல்தீவும்

"நுழையக் கூடாது!" இந்தச் சொல்லைக் கேட்டால் போதும், நம்மவர்க்கு நரம்பு முறுக்கேறும். ஏறவேண்டியதுதான்! தெருவிலே நடக்கக் கூடாது, குளத்திலே இறங்கக் கூடாது, கோயிலிலே கால் வைக்கக் கூடாது என்று எத்தனை 'கூடாது'களைக் கேட்டுக் கேட்டுக் குனிந்தனர் நம் பாட்டன்மார்! 1924இல் வைக்கத்தில் கேட்கப்பட்டது கோயிலுக்குள் செல்லும் உரிமைகூட அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கும் உரிமை. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததோ 1947இல். ஆகவே, 'கூடாது' என்று எவர் சொன்னாலும், 'ஏன் கூடாது?' என்று கேட்பது நமக்கு இரத்தத்தோடு கலந்துவிட்ட பழக்கம்.

அந்தப் பழக்கத்தோடுதான் வந்து நின்றார் அந்தத் தோழர், சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் கணியூர்ப் படிப்பகத்தின் வாயிலில். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைப்பவர். வாரச் சம்பளத்திலே மிச்சம் பிடித்து, தீபாவளி போனசையும் சேர்த்து (பண்டிகை நமக்கில்லை என்றாலும் போனஸ் உண்டல்லவா!) சென்னையிலே கப்பலேறி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே கடலைக் கடந்து அந்தமான் போய்த் திரும்பியிருந்தார். அவர் பார்க்க விரும்பியது சிறைச்சாலையை அல்ல, கடற்கரையையும் அல்ல. நர்கொண்டம் என்ற சிறு தீவை. படிப்பகத்து நூல் ஒன்றில் அதைப்பற்றிப் படித்த நாள்முதல் அவருக்கு அது ஒரு கனவு. போர்ட் பிளேரில், 2024முதல் அரசாணைப்படி ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் அந்த ஊரில், விசாரித்தபோது கிடைத்த விடை: "அங்கே போகக் கூடாது."

"அண்ணா, கருவறைக்குள் போகாதே என்றான், எதிர்த்தோம். இப்போது காட்டுக்குள் போகாதே என்கிறான். அங்கே சிலை, இங்கே பறவை. அங்கே அர்ச்சகன், இங்கே அதிகாரி. வேறுபாடு என்ன, சொல்லுங்கள்!" என்றார்.

சட்டென்று விடை சொல்ல என்னால் இயலவில்லை. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

முதலில் தீவைப்பற்றிச் சொல்லவேண்டும். வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுக்கடலிலே தலை நீட்டி நிற்கும் எரிமலை அது. பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். உயரம் 710 மீட்டர். நெருப்பு அடங்கி நெடுங்காலமாயிற்று. அதற்குத் தெற்கே உள்ள பாரன் தீவு அப்படியல்ல. 1787இல் வெடித்ததாகப் பதிவு பெற்று, பிறகு நூறாண்டுக்கு மேல் உறங்கி, 1991இல் மீண்டும் விழித்து, இன்றளவும் அவ்வப்போது புகையும் சாம்பலும் கக்கிக்கொண்டிருக்கிறது. இந்தியாவிலே உயிரோடுள்ள எரிமலை அது ஒன்றுதான்.

பெயரைக் கேளுங்கள்! நர்கொண்டம் என்பது 'நரக குண்டம்' என்பதன் திரிபாகலாம் என்று அறிஞர் சிலர் எழுதியுள்ளனர். நெருப்புக் கக்கும் பாரன் தீவுக்கு உரிய பெயரை, வரைபடம் வரைந்தோர் இடம் மாற்றி இதன் தலையிலே கட்டிவிட்டிருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. எப்படியாயினும், நரகம் என்று நம்மை எத்தனையோ நூற்றாண்டுகளாக மிரட்டினார்களே, அந்தப் பெயர் தாங்கிய இடத்திலே என்ன இருக்கிறது தெரியுமா? எண்ணெய்க் கொப்பரை இல்லை. எமகிங்கரர் இல்லை. அடர்ந்த காடு இருக்கிறது. அந்தக் காடு நிறைய ஆலும் அத்தியும் சார்ந்த பழமரங்கள் இருக்கின்றன. அந்த மரங்களிலே, உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத ஓர் இருவாய்ச்சிப் பறவை இருக்கிறது. ஆணுக்குக் கழுத்தும் தலையும் செம்பழுப்பு, பெண்ணுக்குக் கருமை, இரண்டுக்கும் வால் வெண்மை.

முட்டையிடும் பருவத்திலே பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைத் தானே அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டுமே திறந்திருக்கும். உள்ளேயிருக்கும் காலத்தில் அதன் சிறகிறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. வாரக்கணக்கில் ஆண்பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீற்றின் வழியே ஊட்டுகிறது. ஆண் வராவிட்டால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன? அந்தப் பறவை தின்று உமிழும் விதைகளால்தான் காடும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. 2020ஐ ஒட்டி எடுத்த கணக்கின்படி அவை சுமார் ஆயிரம். உலகில் உள்ள மொத்தமும் அவ்வளவே. கணியூரின் நான்கு தெருக்களில் உள்ள மக்கள்தொகை!

இங்கே ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. எல்லா உயிரையும் ஒருவன் உட்கார்ந்து படைத்தான் என்றால், அந்தமானின் பெருந்தீவுகளில், அத்தனை பெரிய காடுகளில், ஓர் இருவாய்ச்சியைக்கூட வைக்காமல், இந்த ஏழு சதுர கிலோமீட்டரிலே மட்டும் ஏன் வைத்தான்? வைத்ததையும், தென்கிழக்கு ஆசியாவின் இருவாய்ச்சிகளுக்கு உறவாக ஏன் வைத்தான்? எரிமலைத் தீவு கடலடியிலிருந்து எழுந்தது; எந்த நிலத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. பறந்து வந்தது, மிதந்து வந்தது, காற்றில் வந்தது தவிர அங்கே வேறெதுவும் வர வழியில்லை. வந்தது தனித்து வாழ்ந்தது. தனித்து வாழ்ந்தது வேறாயிற்று. படைத்தவன் கதை சொல்ல முடியாத விளக்கத்தைக் கடலும் காலமும் சொல்கின்றன.

இதே கேள்விதான் சார்லஸ் டார்வினையும் உறுத்தியது. 1835 செப்டம்பரில் பீகிள் கப்பல் கலாபகோஸ் என்னும் எரிமலைத் தீவுக்கூட்டத்தை அடைந்தது. ஐந்து வாரம் அங்கே தங்கிற்று. தென் அமெரிக்கக் கரையிலிருந்து மேற்கே ஆயிரம் கிலோமீட்டர்த் தொலைவு. 'ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவின் ஆமை என்று சொல்லிவிடுவேன்' என்ற பொருளில் தீவின் துணை ஆளுநர் டார்வினிடமே சொன்னார். டார்வின் காதில் அது விழுந்தது, கருத்திலே ஏறவில்லை. பீகிள் கப்பலார் ஆமைகளைப் பிடித்துச் சமைத்துத் தின்றனர், ஓடுகளைக் கடலில் வீசினர். குருவிகளைத் திரட்டியபோதும் எது எந்தத் தீவினது என்று டார்வின் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. இலண்டன் திரும்பிய பிறகு, 1837இல் ஜான் கூல்டு என்னும் பறவையியல் வல்லுநர் எடுத்துச் சொன்ன பின்புதான், தாம் பார்த்தது என்ன என்பது அவருக்கு விளங்கத் தொடங்கியது. நூல் வெளிவந்தது 1859இல். நேரிலே போய்ப் பார்த்தவர், பார்த்ததை உணர எத்தனை ஆண்டு! 'பார்த்தால்தான் தெரியும்' என்று வாதிடும் நண்பர்கள் இதைச் சற்றே எண்ணவேண்டும்.

நம் நர்கொண்டத்துப் பறவையை அறிவியல் உலகுக்கு அறிவித்தவர் யார்? 1873இல் அதற்குப் பெயரிட்டவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885இல் காங்கிரசைத் தோற்றுவித்தோருள் முதல்வராகச் சொல்லப்படுகிறாரே, அதே வெள்ளைக்கார அதிகாரிதான்! அக்காலத்துப் பறவை அறிஞர்களுக்குக் கையிலே துப்பாக்கிதான் தொலைநோக்கி. சுடுவது, தோலை உரிப்பது, பஞ்சடைத்து வைப்பது. அவர் திரட்டி, 1885இலேயே இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்த பறவைத் தோல்களும் முட்டைகளும் முக்கால் லட்சத்துக்கு மேல். பின்னாளில் அவர் பிரம்மஞானத்தில் ஈடுபட்டுப் புலால் மறுத்தாராம். முக்கால் லட்சத்துக்குப் பிறகு!

இனி, தோழரின் கேள்விக்கு வருகிறேன். கருவறைக் 'கூடாது'க்கும் கடல்தீவின் 'கூடாது'க்கும் வேறுபாடு உண்டா?

கருவறைக்குள் ஒருவன் நுழைந்தால் என்ன கெடும் என்று கேட்டால் வந்த விடை, 'தீட்டு'. அந்தத் தீட்டை எடை போட முடியுமா? எண்ணிக் காட்ட முடியுமா? நுழைந்த பிறகு கல் உடைந்ததா, கூரை சரிந்ததா? எதுவுமில்லை. கேட்கக் கூடாது என்பதே அந்தத் தடையின் முதல் விதி. அதோடு, அந்தத் தடை ஆளைப் பார்த்தது, பிறப்பைப் பார்த்தது, செயலைப் பார்க்கவில்லை. நெய்தவன் நுழையக் கூடாது, அவன் நெய்த பட்டு நுழையலாம். உழுதவன் நுழையக் கூடாது, அவன் விளைத்த நெல் நுழையலாம்.

தீவிலே நுழைந்தால் என்ன கெடும் என்று கேட்டால், விடையை எண்ணிச் சொல்லலாம். திமிங்கிலம் வேட்டையாடிய கப்பல்கள் கலாபகோஸ் ஆமைகளை அள்ளிச் சென்றன. தீனியும் நீரும் இன்றி மாதக்கணக்கில் கப்பலடியில் உயிரோடு கிடக்கும் உயிர் அது. ஆதலால் அழுகாத இறைச்சி! அப்படி அள்ளப்பட்டவை ஒரு லட்சத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. பிறகு ஆடுகள். 1959ஆம் ஆண்டு, ஈக்வடார் அரசு அத்தீவுகளைத் தேசியப் பூங்கா என்று அறிவித்த அதே ஆண்டு, பிந்தா என்ற தீவில் மீனவர்கள் சில ஆடுகளை விட்டனர். ஆடு பெருகிற்று; பல்லாயிரமாயிற்று; ஆமை தின்னும் செடியெல்லாம் ஆட்டின் வயிற்றிலே போயிற்று. அத்தீவின் இனத்தில் எஞ்சியிருந்த ஒற்றை ஆமை 1971இல் கண்டெடுக்கப்பட்டது. 'தனியன் ஜார்ஜ்' என்று உலகம் பெயரிட்டது. துணை தேடிக் கொடுத்துப் பார்த்தனர், பயனில்லை. 2012 சூன் 24ஆம் நாள் அது இறந்தது. பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள், காணச் செல்வோர் இன்றும் காணலாம்.

மொரீசியசை எண்ணிப் பாருங்கள். அதுவும் எரிமலைத் தீவே. நம் தமிழர் கூலிகளாகச் சென்று கரும்புக் காட்டிலே வியர்வை சிந்திய மண். அந்நாட்டுப் பணத்தாளிலே இன்றும் தமிழெழுத்து இருக்கிறது. அங்கே டோடோ என்று பறக்கவியலாத ஒரு பெரும் பறவை இருந்தது. மனிதரைக் கண்டு அஞ்சத் தெரியாத பறவை. டச்சுக்காரர்கள் 1598இல் வந்து இறங்கினர். கூடவே பன்றியும் எலியும் குரங்கும் வந்து முட்டையைத் தின்றன. நூறாண்டு நிறைவதற்குள் அந்த இனமே இல்லாமற்போயிற்று. இப்போது அந்நாட்டு அரசுச் சின்னத்திலே டோடோ நிற்கிறது. உயிரோடிருந்தபோது ஒண்டக் காடில்லை, ஒழிந்தபின் சின்னத்தில் சிம்மாசனம்! வாழ்ந்தவரை விரட்டிவிட்டு, மாண்டபின் படம் மாட்டி மாலை போடும் வழக்கம் மனிதனுக்கு எங்கேயும் ஒன்றுதான்போலும்.

ஆகவே, தீவின் 'கூடாது', ஆராயப்படத்தக்க 'கூடாது'. எண்ணலாம், அளக்கலாம், தவறென்று கண்டால் மாற்றலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன். தோழர் விடவில்லை.

"சரி அண்ணா, கேடு விளைவிப்பவன் நுழையக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நர்கொண்டத்தில் கேடு விளைவித்தது யார்? நானா?"

அம்பு தைத்தது! நர்கொண்டத்திலே 1969இல் காவற்படைச் சாவடி அமைக்கப்பட்டது. 1976இல் அங்கே ஆடுகளைக் கொண்டுவந்தவர்கள் பயணிகள் அல்லர், காவலர்கள். தீவு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது 1977இல். காவலுக்கு வந்தவர்களின் ஆடுகள் இளங்கன்றுகளை மேய்ந்தன. எதிர்காலத்து அத்திமரத்தை இன்றைக்கே தின்றன. பின்னர் அவற்றை அகற்றப் பெரும்பாடு படவேண்டியிருந்தது. அதோடு நின்றதா? கடலோரக் காவற்படை அங்கே ராடார் நிலையமும் டீசல் மின்நிலையமும் அமைக்க விரும்பியது. 2012 ஆகஸ்டில் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அப்போது அமைச்சர் தமிழகத்தைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன். 2014இல் ஆட்சி மாறியதும் அதே அமைச்சகம் ஒப்புதல் தந்தது. பறவை மாறவில்லை, தீவின் பரப்பும் மாறவில்லை. நாற்காலி மாறிற்று!

நாட்டின் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் எல்லையைக் காப்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. அதையும் தராசிலே வைக்கத்தான் வேண்டும். ஆனால் தராசு ஒன்றாக இருக்கவேண்டாமா? இரண்டு நாள் காலணியைக் கழற்றிக் கையிலே பிடித்துக்கொண்டு நடந்து பறவையைப் பார்த்துவிட்டு வர விரும்பிய தையல் தொழிலாளிக்கு 'கூடாது'. ஆட்டுக்கும் டீசலுக்கும் 'ஆகட்டும்' என்றால், அந்த இடத்திலே அது மெய்யாகவே கருவறையாகிவிடுகிறது. தோழர் சொன்னதில் பாதி சரி. இதை நான் ஒப்புக்கொள்ளாவிட்டால் பகுத்தறிவு என்ற சொல்லை உச்சரிக்க எனக்குத் தகுதியில்லை.

கலாபகோசிலே வேறு வகைக் கதவு. போகலாம், வழிகாட்டியோடுதான் போகவேண்டும், விலங்கிலிருந்து இரண்டு மீட்டர் விலகியே நிற்கவேண்டும், பாதையை விட்டு இறங்கக் கூடாது. நல்ல விதிகள். அயல்நாட்டார்க்கு நுழைவுக் கட்டணம் 100 டாலராக இருந்தது, 2024 ஆகஸ்டுமுதல் 200 டாலர். அந்நாட்டுக் குடிமக்களுக்கு 30. விமானம், கப்பல், விடுதி எல்லாம் வேறு. பிறப்பால் பூட்டிய கதவை உடைத்தோம். இது பணத்தால் பூட்டிய கதவு. உள்ளே போகிறவன் ஒழுக்கமுள்ளவனா என்று அந்தக் கதவு கேட்பதில்லை. கையிலே காசுள்ளவனா என்றுதான் கேட்கிறது. காசு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பதில்லை. கேட்டால் நம் பக்கத்தார் சிலர் திணறவேண்டியிருக்கும்! நொய்யலிலே சாயக்கழிவை ஓடவிட்டுச் சேர்த்த செல்வம் நம் வட்டாரத்தில் கொஞ்சமா? பாசனத்துக்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தேக்கமாகி, உழவர் மன்றாடி, வழக்காடி, முடிவிலே 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன கதையை இங்கே யாருக்கும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சொந்த ஊர் ஆற்றின் மீனைச் சாகவிட்டவர், கடல் கடந்து போய்க் கண்காணாத ஆமையைப் படம் பிடித்துக்கொண்டு வந்தால், அவரை இயற்கை நேசர் என்று அழைப்பதா? என் நாக்கு கூசுகிறது.

பார்ப்பது என்பதிலேயே ஒரு கொடுமை ஒளிந்திருக்கக் கூடும் என்பதையும் அந்தமானே காட்டிவிட்டது. ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்லும் சாலையிலே, பயணிகள் வண்டி வண்டியாகச் சென்று, அந்த மக்களை வேடிக்கை பார்த்தனர். தின்பண்டம் காட்டி அவர்களின் பெண்களை ஆடச்சொன்ன காட்சி 2012 சனவரியில் வெளியாகி உலகமே காறி உமிழ்ந்தது. அவர்கள் மனிதர்கள், தோழர்களே! அரிய விலங்கு அல்லர், அருங்காட்சி அல்லர். அரிய பறவையைப் பார்க்கப் புறப்பட்ட அதே கண்தான், தன்னைப்போன்ற மனிதனையும் பறவையாகப் பார்த்தது. காண்பவனுக்கு உரிமை உண்டு என்று பேசுகிறோம். காணப்படுவதற்கும் ஓர் உரிமை உண்டா என்று நாம் கேட்டதுண்டா?

இங்கேதான் நம்மவர் பலர் தயங்குகின்றனர். "மனிதனை நினைக்கச் சொல்லி வளர்ந்த இயக்கத்தார் நாம். குடிசையிலே விளக்கில்லாதவன் கோடி இருக்க, நடுக்கடல் பறவைக்கு நாம் ஏன் அழவேண்டும்? பக்தன் பசுவுக்கு அழுவதுபோல் நாம் பறவைக்கு அழுவதா?" என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம். நானும் பல ஆண்டு இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. உலகத்துப் பொருள் எல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை என்று சொன்னது யார்? மதம். கடலும் காடும் மீனும் பறவையும் உனக்கே என்று பட்டா எழுதிக் கொடுத்தது யார்? கடவுள் என்றார்கள். அந்தக் கடவுள் இல்லை என்று கண்டபின், அவர் கையெழுத்திட்ட பட்டாவை மட்டும் பத்திரமாகப் பெட்டியிலே வைத்துக்கொள்வது என்ன நேர்மை? படைத்தவன் இல்லையென்றால், படைப்பின் சிகரம் என்ற பட்டமும் நமக்கு இல்லை. நர்கொண்டத்துப் பறவையும் நாமும் ஒரே நெடும்பயணத்தில் வெவ்வேறு கிளைவழியே வந்தவர்கள். 'உயர்ந்த பிறப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பவர்கள் நாம். மற்ற உயிர்களின் முன்னே மட்டும் அதே பூணூலை நாம் மாட்டிக்கொள்வதா?

இதனால் பறவை புனிதம் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். புனிதம் என்றால் கேள்வியில்லை. எனக்கு அந்தப் பறவை விழுந்து கும்பிடவேண்டிய பொருளல்ல. அதற்குத் தன் வழியில் வாழ ஒரு தேவை இருக்கிறது, அந்தத் தேவையை நசுக்கச் சரியான காரணம் காட்டவேண்டியவன் நான். காரணம் காட்டும் சுமை நுழைகிறவன் மேல்; ஆயிரமாக நிற்கும் இனத்தின் மேல் அல்ல. குடிசைக்கு விளக்கேற்ற இருவாய்ச்சியின் மரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்ற நிலை எங்கேனும் வருமானால் அன்று வாதிடுவோம். இதுவரை வெட்டியவர்கள் எவரும் குடிசைக்கு விளக்கேற்றவில்லை.

"பார்க்காமலே ஒன்றின்மேல் எப்படி அண்ணா அன்பு வரும்?" என்று கடைசியாகக் கேட்டார் தோழர். அந்தக் கேள்வியிலே ஏக்கம் இருந்தது. அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. கணியூரிலிருந்து தெற்கே பார்த்தால் ஆனைமலைத் தொடர் தெரிகிறது. வால்பாறைச் சாலையோரத்தில் நின்று பெரிய இருவாய்ச்சி பறப்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே பொருத்தம். புகைவண்டி எஞ்சின் மூச்சுவிடுவதுபோல் அதன் சிறகோசை தலைக்குமேலே கடந்து போயிற்று. போகவேண்டியது பேருந்துக் கட்டணம்தான். அடுத்த ஞாயிறு அழைத்துச் செல்வதாகச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது, முழுவதும் மலரவில்லை. ஆனைமலை நர்கொண்டம் ஆகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு இருவரும் உட்கார்ந்து, துணி அளவு குறிக்கும் சீட்டின் பின்புறத்திலே கேள்விகளை எழுதினோம். நர்கொண்டத்தில் இன்று ஆடு உண்டா, உண்டானால் எத்தனை? ராடாருக்கும் பாதைக்கும் வெட்டிய மரம் எத்தனை, அவற்றில் பொந்துள்ளவை எத்தனை? பறவைக் கணக்கு கடைசியாக எடுத்தது எப்போது? ஆராய்ச்சியாளர் அல்லாத எவரேனும் கடந்த பத்தாண்டில் தீவுக்கு அழைத்துச் செல்லப்பட்டதுண்டா, உண்டானால் யார் பரிந்துரையில்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. கட்டணம் பத்து ரூபாய். தோழர் தம் கையெழுத்திலே படி எடுத்து, தம் பெயரிட்டு, கணியூர் அஞ்சலகத்தில் தபாலில் சேர்த்தார். முப்பது நாளுக்குள் விடை தரவேண்டும் என்பது சட்டம். இன்று பதினோராவது நாள்.